கிளட்சு மிதித்த காலும் தானே மாறும் கியரும்



போன மாதம் நம்ம மேட்டுப்பாளையம் லாரி முனையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வில்லியனூர் பக்கத்து விவசாயி ஒருவர், சவுக்கும் கத்தரியும் போடுகிறவர், என்னைப் பார்த்ததும் வந்துவிட்டார். "சார், காய் ஏத்த ஒரு பிக்கப் வண்டி வாங்கலாம்னு இருக்கேன். ஆனா இடது முட்டி போச்சு. கிளட்சு மிதிச்சா உயிர் போகுது. கிளட்சே இல்லாத வண்டி வந்திருக்குதாமே, அதை வாங்கட்டுமா?" என்று கேட்டார். வயது 58. மகன் வெளியூரில் வேலை. டிரைவர் வைத்தால் கத்தரிக்காயில் வருவது சம்பளத்துக்கே சரியாகிவிடும். கடன் போட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். தப்பான வண்டியை எடுத்தால் நிலத்து மேலே போய் விழும் கடன்.

சாம்பல் நோய்க்கு என்ன மருந்து என்றால் நின்ற இடத்தில் சொல்லிவிடுவேன். இதற்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. "ஒரு வாரம் பொறுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, இந்தக் கியர் சமாசாரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களிடமும் சொல்லுகிறேன்.

முதலில் ஒன்று யோசித்துப் பாருங்கள். சேற்றில் இறங்கி நின்றுபோன கட்டை வண்டியை மாடு எப்படி இழுக்கிறது? நின்ற இடத்திலேயே முழு பலத்தையும் கொடுத்து முக்கி இழுக்கும். என்ஜினுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது ஒரு வேகத்தில் சுற்றினால்தான் அதற்குப் பலம். மெதுவாகச் சுற்றினால் அணைந்துபோகும். ஆகவே என்ஜின் வேகமாகச் சுற்ற, சக்கரம் மெதுவாகச் சுற்ற, நடுவே பற்சக்கரங்கள் தேவைப்பட்டன. அதுதான் கியர்ப் பெட்டி. என்ஜினையும் பெட்டியையும் சற்று நேரம் பிரித்துவைக்க ஒரு தட்டு, அதுதான் கிளட்சு. மாட்டுக்கு வேண்டாத இரண்டு சாமான்கள் மோட்டாருக்கு வேண்டியிருந்தன.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தவர் நம்ம புதுச்சேரியை ஆண்ட நாட்டுக்காரர்தான். பாரிசில் பனார் லெவாசோர் என்று ஒரு கம்பெனி. அதன் பங்காளி எமில் லெவாசோர் 1891ல் என்ஜினை முன்னால் வைத்து, அதன் பின்னே கிளட்சு, அதன் பின்னே நகரும் பற்சக்கரங்கள், கடைசியில் பின்சக்கரம் என்று வரிசையாக அமைத்தார். இன்றைக்கு நம் ஊரில் ஓடும் பிக்கப் வண்டி பெரும்பாலும் அதே வரிசைதான். சுற்றுகிற பல்லை இன்னொரு பல்லுக்குள் தள்ளுவது முரட்டு வேலை என்பது அவருக்கே தெரியும். முரட்டு வேலைதான், ஆனாலும் ஓடுகிறது என்று அவர் சொன்னதாகச் சொல்லுவார்கள்.

அந்த முரட்டுத்தனத்தை நம் அப்பா காலத்து லாரி டிரைவர்கள் நன்றாக அறிவார்கள். பெட்போர்டு, டாட்ஜ், பார்கோ என்று லாரிகள் ஓடிய காலம். கிளட்சை ஒருமுறை மிதித்து நடுவுக்குக் கொண்டுவந்து, விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு அமுக்கு அமுக்கி, மறுபடி மிதித்து அடுத்த கியர் போடுவார்கள். டபுள் கிளட்சு என்று பேர். தப்பினால் பல் கறகற என்று கத்தும். பக்கத்தில் இருக்கும் கிளீனர் பையன் சிரிப்பான். இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பு. இரண்டு பல்லும் ஒரே வேகத்துக்கு வந்த பிறகே அது கோக்க விடும். அமெரிக்காவில் காடிலாக் கார் 1928ல் அதைக் கொண்டுவந்தது. லாரிகளுக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

இங்கே ஒரு வேடிக்கை. அமெரிக்க விவசாயி முதன்முதலில் வாங்கிய பிக்கப்புக்கு நாம் அறிந்த கியர்க் குச்சியே இல்லை! போர்டு கம்பெனி 1908ல் விட்ட மாடல் டி வண்டியில் தரையில் மூன்று மிதி. இடது மிதியை அமுக்கினால் மெதுவான கியர், விட்டால் வேகமான கியர், நடு மிதி பின்னுக்குப் போக, வலது மிதி பிரேக். உள்ளே ஒரு பெரிய பல்லைச் சுற்றிச் சிறு பற்கள் கிரகம்போலச் சுற்றும். 1925ல் அதே வண்டிக்குப் பின்னால் பெட்டி வைத்துப் பிக்கப்பாகவே தொழிற்சாலையிலிருந்து விற்றார்கள். பின்னால் வந்த தானியங்கிப் பெட்டிக்கு அடிப்படை அந்தக் கிரகப் பற்கள்தான்.

மற்றொரு பாதி கப்பலிலிருந்து வந்தது. ஹெர்மன் போட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905ல் உரிமை வாங்கிய யோசனை அது. வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் கரண்டு கொடுங்கள். காற்று பட்டு மற்றதும் சுற்றும். கரண்டில்லாத விசிறியைக் கையால் நிறுத்தினாலும் முதல் விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய். வண்டி நின்றாலும் என்ஜின் அணையாது. கிளட்சு மிதிக்க வேலை இல்லை.

இரண்டையும் சேர்த்து அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939ல் ஹைட்ரா-மேட்டிக் என்ற நாலு கியர் தானியங்கிப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. உடனே யுத்தம் வந்தது. அந்தப் பெட்டியை லேசான பீரங்கி டாங்கிகளுக்குள் வைத்தார்கள். சேற்றிலும் மேட்டிலும் தாங்கும் என்பது அங்கே நிரூபணமாயிற்று. 1954ல் செவர்லே பிக்கப் வண்டிகளுக்கே அதைக் கொடுத்தார்கள். அதே 1954 நவம்பர் 1ந் தேதிதான் புதுச்சேரியின் ஆட்சி பிரஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு மாறியது. டாட்டா கம்பெனி பென்ஸ் லாரிகளைக் கட்ட ஆரம்பித்ததும் அதே வருஷம்.

அங்கே தானியங்கி, இங்கே கிளட்சு என்று இரண்டு பாதையாகப் பிரிந்தது அப்போதுதான். ஏன்? பழைய தானியங்கிப் பெட்டி எண்ணெயைக் கலக்கிக் கலக்கியே எரிபொருளைத் தின்னும். அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, ஆள் கூலி அதிகம். நமக்கு நேர்மாறு: டீசல் விலை அதிகம், டிரைவர் சம்பளம் குறைவு. அதோடு கிளட்சுத் தட்டு போனால் சாலையோரத்து மெக்கானிக்கே பெட்டியை இறக்கி மாற்றிவிடுவார். இது நம்மவர் அறியாமை என்று சிலர் பேசுவார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கணக்குத் தெரிந்தவர்கள் செய்த காரியம்தான்.

2005ல் டாட்டா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை, இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜினோடு வந்தது. 2011ல் அசோக் லேலண்டின் தோஸ்த். இரண்டிலும் கையால்தான் கியர். அமெரிக்காவிலோ போர்டு எப்-150 பிக்கப்பில் 2008க்குப் பிறகு கைக் கியரே கிடையாது. ராம் பெரிய பிக்கப்பில் 2018 கடைசி. இப்போதைய தானியங்கிப் பெட்டி பழையது மாதிரி எரிபொருளைத் தின்பதும் இல்லை. ஓடும்போது நேர் பிணைப்பாகப் பூட்டிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது.

சரி, நம் ஊரில் கிடைக்காதா? கிடைக்கும். ஆந்திராவில் ஸ்ரீசிட்டியில் கட்டும் இசுசு வி-கிராஸ் 2016ல் வந்தது, 2019ல் அதில் தானியங்கியும் வந்தது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022ல் வந்தபோது ஆரம்ப விலையே ஏறத்தாழ 34 லட்சம். கத்தரிக்காய் ஏற்றுகிற வண்டியா அது? நீங்களே சொல்லுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு. 2014ல் மாருதி செலேரியோ காரில் ஏஎம்டி என்ற ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே பழைய கியர்ப் பெட்டிதான். கிளட்சு மிதிக்கவும் கியர் போடவும் ஒரு எந்திரக் கை. விலை குறைவு. ஆனால் மேட்டில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக அமுக்கி நிறுத்தினால் தட்டு கருகும். சாதாரண வண்டியில் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பாகூர் ஏரிக்கரை ஏற்றத்தில், எரு மூட்டை ஏற்றிக்கொண்டு, பாதிக் கிளட்சில் நிறுத்தி நாலு பேரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நாற்றம் வந்த பிறகுதான் புரிந்தது. தட்டும் போச்சு, அந்த மாதச் சம்பளத்தில் பாதியும் போச்சு.

தானியங்கி வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பேட்டரி இறங்கிவிட்டால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ரிப்பேரான வண்டியை, என்ஜின் ஓடாமல், ஓட்டும் சக்கரம் தரையில் உருள டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவரக் கூடாது. உள்ளே எண்ணெய் ஓடாமல் பற்கள் காய்ந்து கெட்டுப்போகும். களத்துமேட்டில் இரண்டும் அடிக்கடி நடக்கிறவைதான். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் கிளட்சு வண்டியில் தட்டு தேயும். தானியங்கியில் எண்ணெய் கொதித்துக் கெடும். செலவு அதில்தான் பெரிது.

அந்த வில்லியனூர்க்காரரிடம் திரும்பப் போனேன். கிளட்சு எல்லா வண்டியிலும் ஒரே கடினம் இல்லை, கம்பியால் இழுப்பது ஒரு மாதிரி, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது ஒரு மாதிரி, வாங்கும் முன் பாரத்தோடு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள் என்றேன். மின்சார வண்டியையும் சொன்னேன். 2022ல் டாட்டா ஏஸ் மின்சார வண்டி வந்தது. அப்போது 600 கிலோ ஏற்றும், ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. பாரத்தோடு நம் ரோட்டில் குறையத்தான் செய்யும். அதில் கிளட்சும் இல்லை, மாற்றக் கியரும் இல்லை. மின்மோட்டார் மாடு மாதிரி, நின்ற இடத்திலேயே முழு பலத்தோடு இழுக்கும்.

"அப்போ எங்க அப்பா ஓட்டின வண்டிக்கே திரும்பிப் போறோமா சார்?" என்று சிரித்தார். அவர் போவது தட்டாஞ்சாவடி மார்க்கெட்டுக்கும், எப்போதாவது கடலூருக்கும். தூரம் பிரச்சினை இல்லை. இரவில் கரண்டு நிற்காமல் இருக்குமா, மோட்டார் கொட்டகை இணைப்பில் சார்ஜ் போடலாமா என்பதுதான் அவருடைய கவலை. விவசாய இணைப்பில் போடக் கூடாது, வீட்டு இணைப்பில் எவ்வளவு தாங்கும் என்று மின்துறை அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனுவை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.