மதுராப் பாதமும் நோகார்டியாவும்: திண்டுக்கல் சமவெளியில் ஒரு நோயறிதலின் வரலாறு

உருக்குலைந்து வீங்கி, பல வாய்களில் சீழ் வடியும் பாதங்களைப் பற்றி ஜான் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1842-இல் மதுரை மருந்தக அறிக்கையில் எழுதிவைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து கோல்புரூக் அந்நோயை ‘மதுராப் பாதம்’ என்று குறித்தார். உலக மருத்துவ நூல்களில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைய திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1985 செப்டம்பர் 15 அன்றுதான் அது தனி மாவட்டமானது. ஆகவே நூல்களில் ‘மதுரா’ என்று எழுதப்பட்ட மண்ணில் திண்டுக்கல் சமவெளியும் அடங்கும். வெறுங்காலோடு உழுது, களையெடுத்து, கருவேல முள் தைத்த காலோடு மறுநாளும் வயலில் இறங்கிய மக்களின் நோய் இது. முள் கீறிய துளை வழியே மண்ணிலிருக்கும் கிருமி உள்ளே புகுகிறது. வலியில்லாத சிறு கட்டி முதலில் எழும்பும்; மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்துப் புரையோடி, சீழோடு சின்னஞ்சிறு குருணைகள் வெளிவரும். கில்லின் குறிப்புக்குப் பிந்தைய 180 ஆண்டுகளில் மருந்து முன்னேறிய அளவுக்கு நோயறியும் பழக்கம் முன்னேறவில்லை. இந்நோயை உண்டாக்கும் மண்கிருமிகளுள் ஒன்றான நோகார்டியாவை ‘அரிய தொற்று’ என்கிறோமே, அந்த அருமையின் ஒரு பகுதி நம் ஆய்வகப் பழக்கத்திலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் முதலே இந்நோயின் வரலாறு, ஒன்றுபோல் தோன்றுபவற்றைப் பிரித்தறிந்த வரலாறுதான். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், 1860-களில் இந்தப் பாதங்களை அறுத்து ஆராய்ந்து, குருணைகள் பூஞ்சையால் ஆனவை என்றார். ‘மைசெட்டோமா’ என்ற பெயரும் அவர் தந்ததே. ‘கிரேஸ் அனாட்டமி’ நூலுக்குப் படம் வரைந்த கை அவருடையது. அந்தக் கூர்மையான கண்ணுக்குக் கறுப்புக் குருணை, வெளிர்க் குருணை என்ற இரு வகைகள் தப்பவில்லை. ஆனால் 1874-இல் வெளிவந்த அவருடைய நூல் இரண்டையும் இந்தியாவின் பூஞ்சை நோய் என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வைத்தது. கிருமியை வளர்த்துக் காட்டும் முறை அப்போது இல்லை; இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. விடை வேறு திசைகளிலிருந்து வந்தது. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் மாடுகளைத் தாக்கிய ஒரு நோயிலிருந்து 1888-இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் எட்மண்ட் நொகார் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே டிரெவிசான் அதற்கு நோகார்டியா என்று பெயரிட்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எப்பிங்கர் ஒரு மனிதரின் மூளைச் சீழ்க்கட்டியில் அதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு கிருமியைக் கண்டார். 1894-இல் அல்ஜியர்ஸில் வின்சென்ட், வெளிர்க் குருணைப் பாதமொன்றிலிருந்து வளர்த்தெடுத்த கிருமிக்கு நம் ஊரின் பெயரையே சூட்டினார். அது இன்று ஆக்டினோமதுரா மதுரே எனப்படுகிறது. 1913-இல் பினோய் கோட்டைத் தெளிவாகக் கிழித்தார்: மதுராப் பாதம் ஒரே நோயன்று, ஒன்று பூஞ்சையால் வருவது, மற்றொன்று இழை போல வளரும் பாக்டீரியாவால் வருவது. பாக்டீரியா வகையை உண்டாக்கும் முக்கியமான கிருமிகளுள் நோகார்டியா பிரசிலியென்சிஸ் ஒன்று.

இந்தக் கோடு வெறும் வகைப்பாட்டுக்காகக் கிழிக்கப்பட்டதன்று. கால் தப்புமா, போகுமா என்பதே அதில்தான் இருக்கிறது. பூஞ்சை வகைக்கு நெடுங்காலப் பூஞ்சைக்கொல்லியும் பெரும்பாலும் அறுவையும் தேவை. பாக்டீரியா வகை மருந்துக்கே கட்டுப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் இருந்தது: காலை வெட்டுவது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சல்ஃபா மருந்துகள் வந்தன. பிறகு கோட்ரைமாக்சசோல் வந்தது. 1987-இல் மெக்சிகோவின் ஒலிவேரியோ வெல்ஷ் அமிக்காசின் ஊசியைக் கோட்ரைமாக்சசோலோடு சேர்த்துத் தந்து நல்ல பலன் கண்டார். 2000-இல் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் எம். ராமமும் உடன் பணியாற்றியோரும் பென்சிலின், ஜென்டாமைசின், கோட்ரைமாக்சசோல் மூன்றையும் கொண்டு தொடங்கும் இரண்டு கட்டச் சிகிச்சை முறையை வகுத்தனர். 2007-இல் அதை இன்னும் எளிதாக்கினர்: நான்கு வாரம் ஜென்டாமைசினும் கோட்ரைமாக்சசோலும், அதன்பின் மாதக்கணக்கில் டாக்சிசைக்ளினும் கோட்ரைமாக்சசோலும். எல்லாமே அரசு மருத்துவமனைக்குப் பழக்கப்பட்ட, விலை குறைந்த மருந்துகள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் தடை எங்கே? ஒரு குருணையை எடுத்துப் பார்ப்பதில். புரையின் வாயில் இரவு முழுவதும் ஈரத் துணி வைத்துக் கட்டினால் காலையில் அதில் குருணைகள் ஒட்டியிருக்கும். அவற்றை உப்புநீரில் அலசி, இரண்டு ஸ்லைடுகளுக்கு இடையே வைத்து நசுக்கிச் சாயமேற்ற வேண்டும். கறுப்பாக இருந்தால் பூஞ்சை. சிவப்பாக இருந்தால் பாக்டீரியா. வெள்ளையும் மஞ்சளும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், கண்ணை நம்ப முடியாது. நுண்ணோக்கியில் பூஞ்சை இழை தடித்திருக்கும். நோகார்டியாவின் இழை ஒரு மைக்ரானுக்கும் மெல்லியதாக, கோத்த மணி போல விட்டுவிட்டுச் சாயம் பிடித்து, கிளைத்து நிற்கும். அடுத்த படி இன்னும் நுட்பமானது. காசநோய்க் கிருமிக்கான வழக்கமான சாயச் சோதனையில் 20 அல்லது 25 சதவீதக் கந்தக அமிலத்தால் சாயத்தைக் கழுவுவார்கள். அந்த அமிலத்தில் நோகார்டியாவின் சாயமும் போய்விடும். ஒரு சதவீத அமிலம் போதும் என்று குறைத்தால் அது சிவப்பாகவே நிற்கும். வளர்ப்புத் தட்டிலும் இதே கதை. வழக்கமான கிருமிகள் ஒன்றிரண்டு நாளில் வளர்ந்துவிடும் என்பதால் தட்டை 48 மணி நேரத்தில் தூக்கிப் போடுவது பல இடங்களில் பழக்கம். நோகார்டியாவோ சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் வரை எடுத்துக்கொண்டு, சுண்ணாம்புப் பொடி தூவியது போன்ற வறண்ட திட்டுகளாக எழும். ‘கிருமி எதுவும் வளரவில்லை’ என்று அறிக்கை தந்தவர் பொய் சொல்லவில்லை. அவர் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பாதத்தை விட ஆபத்து நுரையீரலில் இருக்கிறது. நீரிழிவு, நெடுநாள் ஸ்டீராய்டு, மாற்றுச் சிறுநீரகம், எச்.ஐ.வி. ஆகியவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் மண்தூசியோடு நோகார்டியாவை இழுத்துக்கொண்டால், இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, நெஞ்சு எக்ஸ்ரேயில் குழி என்று எல்லாமே காசநோய் வேடத்தில் வரும். சளியில் காசநோய்க் கிருமி தெரியாவிட்டாலும் படத்தை வைத்துக் காசநோய் மருந்து தொடங்கப்படுகிறது. இந்தியாவில் காசநோயின் சுமை அறிந்த எவரும் அந்த முடிவைக் குறை கூறமாட்டார்கள். ஆனால் இரண்டு மாதத்தில் தேறாத நோயாளிக்கு ‘மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்’ என்ற அடுத்த முத்திரை விழுவதற்குள் கிருமி இரத்தத்தின் வழியே மூளைக்குப் போயிருக்கலாம். காசநோய் ஆய்வகத்துக்குப் போன சளியிலும் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மற்ற கிருமிகளைக் கொல்ல அங்கே கலக்கும் காரம் நோகார்டியாவையும் கொன்றுவிடக்கூடும்.

இது இவ்வளவு அரிதென்றால் ஒவ்வொரு தட்டையும் இரண்டு வாரம் ஏன் காக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. விடைக்கு நம் பக்கத்து ஊர்ச் சான்றே இருக்கிறது. கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு தரலாமா என்பதை ஆராய, அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க நிறுவனங்களும் 2006 முதல் 2010 வரை ஒரு பெரிய ஆய்வு நடத்தின. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டு அரவிந்த் மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள். பாக்டீரியா வளர்த்துக் காட்டப்பட்ட 500 புண்களில் 55-இல் இருந்தது நோகார்டியா. அதாவது நூற்றுக்குப் பதினொன்று. கவனமாகத் தேடிய இடத்தில் அது அரிதாக இல்லை. இந்த ஆய்வின் இன்னொரு முடிவு இன்னும் முக்கியமானது: ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மற்ற புண்களில் ஸ்டீராய்டு ஓரளவு பயன் தந்திருந்தது, நோகார்டியா புண்களிலோ தழும்பு பெரிதாகியிருந்தது. கிருமி எதுவென்று பாராமல் தந்த அதே துளி மருந்து ஒருவருக்கு நன்மையும் இன்னொருவருக்குத் தீமையும் செய்தது. கண் மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கை ஊர் முழுமைக்கும் பொருத்த முடியாது என்பது உண்மை. கண்ணில் கண்ட விகிதம் நுரையீரலுக்கும் பொருந்தும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கண்ணில் மண் தெறிக்கிற அதே உழவர்தான் காலில் முள் தைத்துக்கொள்பவரும், அதே தூசியைச் சுவாசிப்பவரும். ஓர் உறுப்பில் தேடினால் கிடைப்பதை மற்ற உறுப்புகளில் தேடாமலே இல்லை என்பது அறிவியலாகாது. எல்லாத் தட்டுகளையும் காக்க வேண்டியதும் இல்லை. குருணை வடியும் புரை, மருந்துக்குத் தேறாத ‘காசநோய்’, எதிர்ப்புச் சக்தி குன்றியவரின் மூளைக்கட்டி, வயல்காட்டில் அடிபட்ட கருவிழிப் புண் ஆகிய நான்கு நேரங்களில் காத்தால் போதும்.

சந்தேகம் வந்ததும் கோட்ரைமாக்சசோல் கொடுத்துப் பார்த்துவிடலாமே, ஆய்வகம் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. உயிருக்கு ஆபத்தான நிலையில் கொடுக்கத்தான் வேண்டும், முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆனால் நோகார்டியாவுக்குச் சிகிச்சை ஒரு வாரக் கதையன்று: நுரையீரலுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, மூளைக்கு ஓராண்டுக்குக் குறையாமல். அத்தனை மாதம் இரத்த அணுக்களையும் பொட்டாசியத்தையும் சிறுநீரகத்தையும் கண்காணித்தபடி ஒரு மருந்தைத் தர, ஊகம் போதாது. தவிர, இனத்துக்கு இனம் மருந்தெதிர்ப்பு மாறுகிறது. நோகார்டியா ஃபார்சினிகா பல செஃபலோஸ்போரின்களுக்கு அடங்காது. பூஞ்சைப் பாதத்துக்கு மாதக்கணக்கில் பாக்டீரியா மருந்து கொடுத்தால் என்ன மிஞ்சும்? எலும்பு வரை அரித்த கால்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இனி ஒரு சளி மாதிரிக்காக மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை என்ற நிலையை அந்தக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையால் உருவாக்க முடியும்; அதற்கு வேண்டியவை ஒரு சதவீத அமிலமும், இரண்டு வாரம் காக்க இடமுள்ள இன்குபேட்டரும், பார்த்துப் பழகிய ஒரு கண்ணுமே. மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சந்தேகமிருந்தால் பரிசோதனைச் சீட்டில் ‘நோகார்டியா பார்க்கவும், தட்டை இரண்டு வாரம் வைக்கவும்’ என்று ஒரு வரி எழுதுங்கள், அந்த வரி இல்லாமல் ஆய்வகத்தில் யாரும் காத்திருக்கமாட்டார்கள். வயலில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒன்று: காலில் வலியில்லாத கட்டி எழும்பிச் சீழோடு குருணை வந்தால், அதைக் கழுவிக் கொட்டிவிடாமல் சுத்தமான துணியில் மடித்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.