மருந்தைக் குறைத்த மருந்தாளுநர்கள்

நோய் தீர்க்க வந்த மருந்தே முதியோர்க்கு நோயாகிவிடுவதுண்டு. வயது ஏற ஏறச் சிறுநீரகமும் ஈரலும் தளர்கின்றன; இளைஞர் உடலைவிட்டு விரைவில் நீங்கும் மருந்து, முதியவர் உடலில் நெடுநேரம் தங்கிவிடுகிறது. அதனால் எழும் தலைசுற்றலைப் புதிய நோயென்று கருதி, மற்றொரு மருந்தும் எழுதப்படுகிறது.

இச்சங்கிலியை அறுக்க அமெரிக்க அரசு 1974ஆம் ஆண்டில் விதியொன்று வகுத்தது. மருத்துவப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரின் மருந்துகளை மருந்தாளுநர் மாதந்தோறும் ஆராய வேண்டும் என்பதே அது. 1991இல் முதியோர் மருத்துவரான மார்க் பீர்ஸ், அத்தகைய இல்லங்களில் வாழும் முதியோர்க்குப் பொருந்தாத மருந்துகளின் பட்டியலை வல்லுநர் துணையுடன் வெளியிட்டார்.

பட்டியல் வந்தும் பழக்கம் எளிதில் விடவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடந்து, 2018இல் வெளியான ஆய்வு வழிகாட்டியது. உறக்க மாத்திரை முதலியவற்றை உண்ட முதியோர்க்கு மருந்தாளுநர்கள் விளக்க ஏடு அளித்தனர்; மருத்துவர்க்குக் காரணங்காட்டி மடல் விடுத்தனர். ஆறு மாதங்களில் 43 விழுக்காட்டினர் அம்மருந்தை விட்டனர். இவ்வுதவி பெறாதோரில் விட்டவர் 12 விழுக்காட்டினரே.

உறக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் தீங்கே. படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். ஆகவே, இல்லத்துப் பெரியோர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒருசேர மருத்துவரிடம் காட்டி, ‘இவையெல்லாம் இன்னும் தேவைதானா?’ என்று வினவுவது பிள்ளைகளின் கடமையாகும்.