அந்த பி.ஈ. வேறு, இந்த பி.ஈ. வேறு!

நம்ம ஊரில் பெயருக்குப் பின்னால் பி.ஈ. என்று போட்டுக்கொள்ள நாலு வருஷம் கல்லூரி, அரியர் எல்லாம் முடித்து ஒரு பட்டமளிப்பு விழா, அவ்வளவுதான். அமெரிக்காவிலும் சில பொறியாளர்கள் பெயருக்குப் பின்னால் பி.ஈ. என்று போட்டுக்கொள்கிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அது பட்டம் இல்லை. ப்ரொஃபஷனல் இன்ஜினியர், அதாவது மாநில அரசிடம் உரிமம் வாங்கிய பொறியாளர் என்று பொருள். உரிமம் இல்லாமல் அப்படிப் போட்டுக்கொண்டால் அங்கே சட்டப்படி குற்றம்.

அந்த உரிமத்துக்கு ஒரு தேர்வு இருக்கிறது. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் போய் எழுதிவிட முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி கொஞ்சம் மாறினாலும் பொதுவான வழி இதுதான்:

1. அங்கீகாரம் பெற்ற நான்கு ஆண்டு பொறியியல் பட்டம்.
2. எஃப்.ஈ. எனப்படும் அடிப்படைத் தேர்வில் தேர்ச்சி. இதைக் கடைசி வருஷத்திலேயே எழுதலாம்.
3. நான்கு ஆண்டு வேலை அனுபவம். சும்மா நாலு வருஷம் சம்பளம் வாங்கினால் போதாது, பொறுப்பு வருஷத்துக்கு வருஷம் கூடியிருக்க வேண்டும். பெரும்பாலும் உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும்.
4. உங்கள் வேலையை நேரில் அறிந்த பொறியாளர்களின் சான்று.
5. இதெல்லாம் முடிந்தபின் பி.ஈ. தேர்வு.

ஏன் இத்தனை கெடுபிடி என்று தோன்றலாம். இந்த விதிகளை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. சிலவற்றுக்குப் பின்னால் நிறைய சாவுகள் இருக்கின்றன.

தண்ணீர்ச் சண்டையில் பிறந்த சட்டம்

தொடக்கம் மட்டும் விபத்து இல்லை, ஒரு தலைவலி. அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் வறண்ட பூமி. ஆற்றிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்க வேண்டுமென்றால் மாநிலத் தலைமைப் பொறியாளரிடம் வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். 1900களின் தொடக்கத்தில் அந்தப் பதவியில் இருந்தவர் கிளாரன்ஸ் ஜான்ஸ்டன். அவர் மேஜைக்கு வந்த வரைபடங்களில் பலவற்றை நம்பவே முடியவில்லை. வக்கீல்களும் நோட்டரிகளும்கூடத் தங்களைப் பொறியாளர், சர்வேயர் என்று சொல்லிக்கொண்டு படம் வரைந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள்! தண்ணீர் எங்கே எவ்வளவு போகிறது என்பதே தப்பாக இருந்தால், அந்தப் பத்திரத்தை வைத்து நாளைக்கு எத்தனை விவசாயிகள் அடித்துக்கொள்வார்கள்?

1907ல் வயோமிங் ஒரு சட்டம் கொண்டு வந்தது. பொறியாளர் அல்லது சர்வேயர் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு தொழில் செய்பவர் மாநில வாரியத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் வந்தது அதுவே முதல் முறை. 1907 ஆகஸ்ட் 8 அன்று சார்லஸ் பெல்லமி என்ற 52 வயதுக்காரர் நாட்டின் முதல் உரிமம் பெற்ற பொறியாளர் ஆனார். (அவர் மனைவி மேரி பெல்லமி 1910ல் வயோமிங் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். ஒரே வீட்டில் இரண்டு 'முதல்'!)

படிக்காத மேதையும் ஓர் அணையும்

கலிபோர்னியாவின் கதை சோகமானது. வில்லியம் முல்ஹாலண்ட் அயர்லாந்தில் பிறந்தவர். 1870களில் லாஸ் ஏஞ்சலஸ் வந்து வாய்க்கால் தூர் வாரும் வேலையில் சேர்ந்தார். பொறியியல் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, புத்தகங்களைத் தானே படித்து மேலே வந்தார். நகரத்தின் தண்ணீர்த் துறைக்கே தலைவரானார். 1913ல் 233 மைல் தூரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கால்வாயைக் கட்டி முடித்தார். ஊரே அவரைக் கொண்டாடியது.

பிறகு செயின்ட் ஃபிரான்சிஸ் அணை கட்டினார். வேலை நடக்கும்போதே அணையின் உயரத்தைக் கூட்டினார்கள், அடிப்பகுதியை அதற்கேற்ப அகலப்படுத்தவில்லை. வெளியாள் யாரும் கணக்கைச் சரிபார்க்கவில்லை. நகராட்சி கட்டும் அணையை மாநிலம் பரிசோதிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது இல்லை. 1928 மார்ச் 12 காலையில் அணைக் காவலர் புதுக் கசிவு ஒன்றைப் பார்த்துத் தகவல் சொன்னார். முல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்தது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

முல்ஹாலண்ட் பழியை வேறு யார் மீதும் போடவில்லை, தன் மீதே ஏற்றுக்கொண்டார். ஆனால் விசாரணைக் குழு சொன்னதுதான் முக்கியம்: எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், இத்தனை பெரிய அணையை ஒரே மனிதரின் முடிவுக்கு விட்டிருக்கக் கூடாது. 1929ல் கலிபோர்னியா அணைப் பாதுகாப்புக்கு ஒரு சட்டமும், சிவில் பொறியாளர்களைப் பதிவு செய்ய ஒரு சட்டமும் கொண்டு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இன்றும் கலிபோர்னியாவில் சிவில் உரிமத்துக்குப் பட்டம் கட்டாயம் இல்லை! மொத்தம் ஆறு வருஷ அனுபவம் கேட்கிறார்கள், அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்தால் அதில் நான்கு வருஷம் கழியும். பட்டம் இல்லாதவர் ஆறு வருஷமும் உழைத்துக் காட்ட வேண்டும். அதாவது இன்னொரு முல்ஹாலண்ட் வந்தாலும் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் தேர்வு எழுதித்தான் உள்ளே வரவேண்டும். பூகம்பத்துக்கும் நில அளவைக்கும் மாநிலம் தனியாக வைக்கும் தேர்வுகளும் உண்டு.

வாசனை இல்லாத வாயு

டெக்சாஸ் அதுவரை சட்டம் போடாமல் இருந்தது. அங்கே நியூ லண்டன் என்ற எண்ணெய் வளம் மிக்க ஊர். எரிபொருள் செலவை மிச்சம் பிடிக்க, எண்ணெய்க் கிணறுகளிலிருந்து மிஞ்சும் வாயுவைக் குழாய் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அது கட்டடத்துக்கு அடியில் கசிந்து சேர்ந்தது. இயற்கை எரிவாயுவுக்கு வாசனை கிடையாது, யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18 பிற்பகலில், பள்ளிப் பட்டறையில் ஒரு மின்கருவியை இயக்கியபோது தீப்பொறி பட்டதாகச் சொல்கிறார்கள். கட்டடமே வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

எரிவாயுவில் நாற்றம் வரும் பொருளைக் கலக்க வேண்டும் என்ற சட்டம் டெக்சாஸில் இதற்குப் பிறகுதான் வந்தது. நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே, அதே ஏற்பாடுதான். பொறியாளர்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டமும் அதே 1937ல் வந்தது.

தகுதிக்கு அளவுகோல்

சட்டம் போட்டாகிவிட்டது. யார் தகுதியானவர் என்று எப்படி அளப்பது? ஆரம்பத்தில் ஏற்கனவே தொழிலில் இருந்தவர்களை அனுபவத்தைப் பார்த்தே சேர்த்துக்கொண்டார்கள். புதிதாக வருபவர்களுக்கு ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குத் தேர்வு வைத்தது. இதை ஒழுங்குபடுத்த 1920ல் மாநில வாரியங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கின. 1932ல் கல்லூரிப் படிப்புகளை மதிப்பிட இன்னொரு அமைப்பு வந்தது, 1936 முதல் அது அங்கீகாரம் கொடுக்கத் தொடங்கியது. அதுதான் இன்றைய ஏபெட். 1950க்குள் எல்லா மாநிலங்களிலும் உரிமச் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதுக்கும் பொதுவான எஃப்.ஈ. தேர்வு 1965லும், பி.ஈ. தேர்வு 1966லும் தொடங்கின.

பட்டம் ஒருவர் என்ன படித்தார் என்று காட்டும். அவசரத்தில், மேலதிகாரி நெருக்கும்போது, பட்ஜெட் போதாதபோது அவர் என்ன முடிவெடுப்பார் என்று காட்டாது. அதற்குத்தான் நான்கு வருஷ அனுபவமும், கூட இருந்து பார்த்தவர்களின் சான்றும்.

இப்போது இதிலும் ஒரு மாற்றம். 2013ல் அந்தக் கூட்டமைப்பு தன் மாதிரிச் சட்டத்தைத் திருத்தி, நான்கு வருஷம் முடியும் முன்பே பி.ஈ. தேர்வு எழுத வழி விட்டது. நெவாடா போன்ற மாநிலங்கள் அதற்கு முன்பே அனுமதித்திருந்தன. படித்தது மறக்கும் முன் எழுதிவிடலாம், ஆனால் உரிமம் கையில் கிடைக்க அனுபவம் முடிந்தாக வேண்டும். தேர்வு எழுதத் தகுதி வேறு, கையெழுத்துப் போடத் தகுதி வேறு என்று பிரித்துவிட்டார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

ஓட்டையும் உண்டு

இத்தனைக்குப் பிறகும் அமெரிக்கப் பொறியாளர்களில் பெரும்பாலானோரிடம் இந்த உரிமம் இல்லை. காரணம், தொழிற்சாலைகளிலும் பல பொதுச்சேவை நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு நிறைய மாநிலங்கள் விலக்கு கொடுத்திருக்கின்றன. 2018 செப்டம்பர் 13 அன்று மாசசூசெட்ஸில் லாரன்ஸ் நகரிலும் பக்கத்து ஊர்களிலும் வீடுகள் வரிசையாகத் தீப்பிடித்து வெடித்தன. பழைய வாயுக் குழாயைக் கழற்றிப் புதியதை இணைக்கும்போது, அழுத்தத்தை அளக்கும் கருவியைப் பழைய குழாயிலேயே விட்டுவிட்டார்கள். பழைய குழாயில் அழுத்தம் குறையக் குறைய, கட்டுப்பாட்டு வால்வு திறந்து புதிய குழாயில் வாயுவைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஓர் இளைஞர் இறந்தார். அந்த வேலைத் திட்டத்தில் உரிமம் பெற்ற பொறியாளரின் முத்திரை இல்லை, விலக்கு இருந்ததால் தேவைப்படவும் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் எரிவாயு வேலைகளுக்கு அந்த விலக்கை மாசசூசெட்ஸ் நீக்கியது. நியூ லண்டன் நடந்து 81 வருஷம் கழித்து, மறுபடியும் எரிவாயு.

உரிமம் இருந்தால் மட்டும் விபத்து நடக்காதா என்று கேட்பீர்கள். நடக்கும். 1981ல் கான்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். வடிவமைப்புக்குப் பொறுப்பான பொறியாளர்களிடம் உரிமம் இருந்தது. விசாரணைக்குப் பின் மிசூரி மாநிலம் அதைப் பறித்தது. உரிமத்தால் அந்த உயிர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் இது யார் பொறுப்பு என்று கேட்டால் கைகாட்ட ஒரு பெயர் இருந்தது.

நமக்கு என்ன?

நம் நாட்டில் வழக்கறிஞர்களுக்கு 1961லும், கட்டடக் கலைஞர்களுக்கு 1972லும் தேசிய அளவில் சட்டம் வந்தது. பொறியாளர்களுக்கு அப்படி எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டம் இல்லை. மாநகராட்சிகளும் வளர்ச்சிக் குழுமங்களும் தங்கள் எல்லைக்குள் பதிவு செய்துகொள்வதோடு சரி. 2014ல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனது. அந்த வகையில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு வெளிநாட்டில் மதிப்பு கூடியிருக்கிறது. ஆனாலும் அமெரிக்காவில் உரிமம் கேட்டால் நம் பட்டத்தை அந்தந்த மாநில வாரியம் தனியாகப் பரிசீலிக்கத்தான் செய்யும்.

நம்மில் பலர் அங்கே போகலாம், போகாமலும் இருக்கலாம். எங்கே இருந்தாலும் ஒருநாள் ஏதோ ஒரு வரைபடத்தின் ஓரத்தில் நம்மைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அந்தக் கட்டடத்துக்குள் போகிறவர்களுக்கு நம் பெயர் தெரியாது, நாம் எத்தனை மார்க் வாங்கினோம் என்றும் தெரியாது. யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் உள்ளே போவார்கள். அந்த யாரோ யார் என்று சட்டம் கேட்பதற்கு முன்பே நாம் கேட்டுக்கொள்வது நல்லது.