நடுக்கத்தை வாசித்தல்

பெண் நடுங்கினால் அதை அச்சம் என்று வாசிக்கப் பழகியது நம் இலக்கியக் கல்வி. அச்சம், மடம், நாணம் என்று வகுப்பில் அடுக்கிச் சொல்லும்போது, அந்த நடுக்கத்துக்கு உடலிலும் காரணம் இருக்கலாம் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. மருத்துவ வரலாறும் இதற்கு விலக்கல்ல. லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதத்தைப் பற்றி எழுதியபோது, அவர் விவரித்த ஆறு நோயாளிகளும் ஆண்களே.

இந்த வரலாற்றில் சென்னைப் பெண்ணொருவருக்கு இடமுண்டு. டி. எஸ். கனகா, 1932இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1968இல் நரம்பியல் அறுவை மருத்துவத்தில் பட்டம் பெற்றார். ஆசியாவில் இத்துறைக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர். சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம் ஆகியோரோடு பணியாற்றினார். தலையில் உலோகச் சட்டம் பொருத்தி, எக்ஸ்ரே படத்தில் அளவு குறித்து, மண்டையோட்டின் சிறு துளை வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி, நடுக்கத்துக்குக் காரணமான சிறு பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்வது அவர்களுடைய முறை. சற்றுப் பிசகினாலும் பேச்சோ கைகாலோ பாதிக்கப்படும். மூளைக்குள் மின்முனையை நிலையாகப் பொருத்தும் சிகிச்சையை 1975இலேயே கனகா செய்தார். பிரான்சில் பெனபிட் 1987இல் செய்த ஆழ்மூளைத் தூண்டலைத்தான் உலகம் தொடக்கமாகப் பேசுகிறது.

கொண்டாடுவதோடு நாம் நின்றுவிட முடியாது. இதே குழு, அடங்காத பிள்ளைகளை 'அமைதிப்படுத்த'வும் மூளை அறுவை செய்தது. 1970இல் அதைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் கனகாவின் பெயரும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு எது அமைதி என்று யார் முடிவு செய்தார்கள்? பெண் பிடித்தாலும் கத்தியின் அதிகாரம் தானாக மாறிவிடாது.

கனகா 2018இல் மறைந்தார். இன்று விழுப்புரத்தை ஒட்டி முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து ஜிப்மருக்குப் பேருந்தில் போய்விடலாம். ஆனால் 'வயசாயிடுச்சி' என்ற ஒரு சொல் பெண்களை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. இந்நோயில் நடுக்கம் மட்டுமல்ல, அசைவும் மந்தமாகும், கையெழுத்தும் சிறுத்துப்போகும் என்கிறது மருத்துவம். எழுதவே வாய்ப்பில்லாத பெண்ணுக்கு இதை எதில் பார்ப்பது? மல்லாட்டை உரிக்க அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில், சுருங்கிவிட்ட கோலத்தில், ஒரு பக்கம் வீசாமல் தொங்கும் கையில் பார்க்கலாம். உங்கள் அம்மாவை, ஆயாவை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது இவற்றைச் சொல்லுங்கள். அவையும் நோய்க்குறிப்பில் ஏறட்டும்.