கெடு முடிந்தது, கல்வி முடியவில்லை!

1913ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள். பரோடா சமஸ்தானத்தின் கல்வித்துறை அலுவலகத்திலே இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அமெரிக்கா சென்று படிக்க மாதந்தோறும் பதினொன்றரைப் பவுன், காலம் மூன்றாண்டு, படித்துத் திரும்பிய பின் பத்தாண்டுகள் பரோடா அரசுக்கு ஊழியம். தாளிலே இருந்தவை மூன்றே எண்கள். அந்த மூன்று எண்களுக்குள்தான் ஒரு மனிதனின் எதிர்காலம் மட்டுமன்று, ஒரு மக்கட்கூட்டத்தின் எதிர்காலமே அடைபட்டுக் கிடந்தது. கையெழுத்திட்டவர் பீமராவ் அம்பேத்கர்.

தோழர்களே! அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பியாக நாம் அறிவோம். சனாதனத்தின் கோட்டையைத் தகர்க்க வந்த சம்மட்டியாக அறிவோம். உதவித்தொகை பெற்றுப் படித்த மாணவராக, கெடு நாளை எண்ணி எண்ணிக் கலங்கிய மாணவராக அவரை அறிந்தவர் எத்தனை பேர்? அந்த வரலாறு இன்று கல்லூரி வாயிலில் நிற்கும் ஒவ்வொரு ஏழை மாணவனும் மாணவியும் அறியவேண்டிய வரலாறு.

பள்ளியிலே சாக்குத் துணியைத் தானே கொண்டுபோய் விரித்து, அதன்மேல் அமர்ந்து படித்தவர் அவர். தாகமெடுத்தால் குழாயைத் தொடும் உரிமை இல்லை. பள்ளிச் சேவகர் வந்து திறந்தால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தண்ணீரும் வராது! கல்லூரிப் படிப்புக்கு வழியின்றி நின்ற வேளையில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் அளித்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தை ராம்ஜி மறைந்தார். கண்ணீர் உலருமுன் கடல் கடக்கும் வாய்ப்பு வந்தது, அதே மன்னரிடமிருந்து.

செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் காலம் நண்பன். ஒரு தேர்வில் தவறினால் மறு தேர்வு. ஓராண்டு வீணானால் அடுத்த ஆண்டு. அப்பனின் பெட்டி திறந்தே இருக்கும். உதவித்தொகை பெற்றவனுக்கோ காலம் கடன்காரன். ஒவ்வொரு விடியலும் கையிருப்பிலே ஒரு நாளைக் கழித்துவிட்டுத்தான் உதிக்கும்.

இதை அம்பேத்கர் உணர்ந்திருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்திலே பொருளாதாரத்தில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5 என்று அள்ளி அள்ளிக் கற்றார். பதினொன்றரைப் பவுனில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, வீட்டுக்கும் பணம் அனுப்பினார். நூல்களும் வாங்கிக் குவித்தார். 1915இல் எம்.ஏ. பட்டம். 1916 மே மாதம், இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன என்று ஆராய்ந்து ஒரு கட்டுரையைக் கருத்தரங்கிலே படித்தார். சாதியென்னும் நோயின் வேரைத் தேடிய அந்தக் கட்டுரை, உதவித்தொகை ஈன்ற குழந்தை என்பதை மனத்திலே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்த மாதம், 1916 ஜூனிலே, மூன்றாண்டுக் கெடு முடிந்தது. கல்வி முடியவில்லை. நீட்டிக்கக் கேட்டார், ஓராண்டு கிடைத்தது. இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். 1917இல் அந்த ஓராண்டும் கரைந்தது. ஆய்வு பாதியில் நிற்கிறது. பணம் முழுதாக நின்றுவிட்டது. திரும்பியே ஆகவேண்டும்!

ஆனால் புறப்படுமுன் ஒரு காரியம் செய்தார். பேராசிரியர் எட்வின் கேனன் துணையோடு, 1917 அக்டோபரிலிருந்து நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக்கழகத்திடம் இசைவு பெற்றுக்கொண்டார். கெடுவிலே இரு வகை உண்டு என்பதை இங்கே காண்கிறோம். பரோடாவின் கெடு கதவை அடைத்தது. இலண்டனின் கெடு கதவைச் சாத்தாமல் வைத்திருந்தது. இரண்டும் நாட்காட்டியின் எண்கள்தாம். ஒன்று மாணவனைத் தள்ளிவிடும். மற்றொன்று அவனுக்காகக் காத்திருக்கும்.

தாயகம் வந்தவரை வரவேற்றது எது? அவர் ஒரு கப்பலில் வந்தார். நூல்களும் உடைமைகளும் வேறொரு கப்பலில் வந்தன. அதுவோ உலகப் போரின் நீர்மூழ்கித் தாக்குதலில் மூழ்கிப் போயிற்று. பரோடாவில் உயர் பதவி காத்திருந்தது. தங்குவதற்கு மட்டும் ஒரு திண்ணை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. கொலம்பியாவின் பட்டதாரி, பொதுப் பூங்காவிலே அமர்ந்து, பம்பாய்க்குத் திரும்பும் இரயிலுக்காகக் காத்திருந்தார். கற்றவனுக்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு என்றார்களே, அந்தச் சிறப்புக்கும் சாதி சான்று கேட்டது!

ஆயினும் நான்காண்டுக் கெடு அவர் நெஞ்சிலே மணியடித்துக்கொண்டிருந்தது. 1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியிலே பேராசிரியரானார். மாதம் 450 ரூபாய் ஊதியத்தில் சிக்கனமாக வாழ்ந்து சேமித்தார். கோலாப்பூர் சாகு மகாராசர் உதவினார். நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் தந்தார். 1920இல், கெடு முடிய ஓராண்டு இருக்கையில், மீண்டும் இலண்டன் சேர்ந்தார். 1921இல் எம்.எஸ்சி.; 1923இல் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்த நூலுக்கு டி.எஸ்சி.; இடையிலே பாரிஸ்டர் பட்டமும். கொலம்பியாவுக்கோ, ஆய்வேட்டை அச்சிட்டு அளித்தாக வேண்டும் என்பது விதி. நூல் 1925இல் வெளிவந்தது. முனைவர் பட்டம் 1927இல் கைக்கு வந்தது. 1913இல் எடுத்த அடி, 1927இல் அல்லவா ஊர் போய்ச் சேர்ந்தது!

வென்றார் அம்பேத்கர் என்று கைதட்டிவிட்டு எழுந்து போய்விடலாமா? கூடாது. மன்னரின் மனம் வேறாக இருந்திருந்தால்? நண்பரிடம் 5,000 ரூபாய் இல்லாதிருந்தால்? இலண்டன் இசைவு தர மறுத்திருந்தால்? ஓர் அம்பேத்கர் தப்பிக் கரையேறினார். கரையேறாமல் போனவர்களின் கணக்கை எந்த ஏட்டில் எழுதினார்கள்? அறிவாளி ஒருவன் தடையைத் தாண்டியதைப் போற்றுவது எளிது. தடையை வைத்தது யார் என்று கேட்பதுதான் பகுத்தறிவு.

அம்பேத்கர் கேட்டார். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானவுடன், ஒடுக்கப்பட்டோரின் குறைகளைத் தொகுத்து வைசிராயிடம் அளித்தார். கல்விக்குப் பணம் ஒதுக்கவேண்டும் என வாதாடினார். 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. பின்னர் அது பழங்குடி மாணவர்க்கும் விரிந்தது. 1954-55இல் வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகையும் வந்தது. அரசரின் அருள் என்றிருந்தது அரசாங்கத்தின் கடமை என்றாயிற்று. மன்னர் கொடுத்தபோது நன்றி சொல்லவேண்டியிருந்தது. மக்களின் வரிப்பணத்தில் சட்டப்படி வரும்போது கணக்குக் கேட்கலாம். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்!

ஆனால் உரிமையையும் கெடுவாலும் நிபந்தனையாலும் அரித்துவிட முடியும் என்பதற்கு அண்மை வரலாறே சான்று. மேற்படிப்பு உதவித்தொகையின் சுமை நாளடைவில் மாநிலங்களின் தோள்மீது பெருமளவு சரிந்தது. 2020 டிசம்பரில்தான் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்னும் பங்கீட்டை மத்திய அமைச்சரவை ஏற்றது. 2022இல் வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகைக்கு ஒரு புது நிபந்தனை புகுத்தப்பட்டது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு அந்தப் பணம் கிடையாதாம்! விண்ணப்பிக்கக் கெடுவோ அந்த ஆண்டு மார்ச் 31. தோழர்களே, 1916ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பரோடாவின் பணம் சாதியை ஆராய்ந்த மாணவருக்குத் தடை போடவில்லை. முடியரசு தந்த உரிமையைக் குடியரசு பறிக்கலாமா? பணப்பையைப் பிடித்திருக்கும் கை, பாடப்பொருளையும் பிடித்துக்கொள்ளலாமா?

தமிழகம் இதிலே தனிப் பாதை கண்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் பயிற்சிக் கட்டணச் சலுகை 2010-11இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இலும், ஆண் மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டு 9இலும் தொடங்கப்பட்டன. நன்று. ஆனால் அரசாணை பிறந்துவிட்டால் உதவி வந்துவிடுமா?

வகுப்பறையில் நிற்பவன் நான். இடம் கிடைத்தும் தொகை கிடைக்காமல் போன மாணவனைக் கண்டிருக்கிறேன். மதிப்பெண்ணில் குறைவில்லை, வருமானச் சான்றிதழ், கெடு முடிந்து நான்கு நாட்கள் கழித்து வந்தது. அவ்வளவுதான். கூலி வேலைக்குப் போகும் தகப்பனார் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் அலுவலகப் படியேற வேண்டும். மறுநாள் வா என்றால் மறுநாள் கூலியும் போயிற்று. தேதி தெரியாததும் ஒரு தீண்டாமையே. அன்று செவியில் ஈயம் என்று மிரட்டினார்கள். இன்று செவியில் செய்தி விழாமலே போய்விடுகிறது. விளைவு ஒன்றுதானே?

ஆகவே பணி நம்முடையது. சான்றிதழ் தாமதத்துக்காக மாணவனைத் தண்டிக்காத கெடுவைக் கேட்டுப் போராடுவோம். இலண்டன் அன்று காத்திருந்ததே, நம் அலுவலகங்களும் காத்திருக்கட்டும். அதுவரை கைகட்டி நிற்க வேண்டாம். நம் படிப்பகம் ஒவ்வொன்றின் சுவரிலும் ஒரு கரும்பலகை தொங்கட்டும். எந்த உதவித்தொகை, என்ன சான்றிதழ், எது கடைசி நாள் என்று சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதுங்கள். சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் கோடை விடுமுறையிலேயே வாங்க வையுங்கள். படிவம் நிரப்பத் தெரியாத வீட்டுக்குப் பேனாவோடு செல்லுங்கள்.

அண்ணலின் படத்துக்கு மாலை சூட்ட ஆண்டுக்கு ஒரு நாள் போதும். அவர் எண்ணிய நாட்களை எண்ண ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள்!