ஐவரும் இருவரும்: பிக்ஸ்பி மடலும் ஒரு குடும்பத்தின் போரிழப்பும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) தொடர்பான ஆவணங்களுள் பெரும்புகழ் பெற்ற ஒன்று, பாஸ்டன் நகரக் கைம்பெண் லிடியா பிக்ஸ்பிக்குக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் பெயரில் 1864 நவம்பர் 21ஆம் நாளிட்டு விடுக்கப்பெற்ற இரங்கல் மடலாகும். ஐந்து புதல்வரைப் போர்க்களத்தில் இழந்த தாய்க்கு ஆறுதல் கூறும் அம்மடல் நான்கு நாள்களில் பாஸ்டன் நாளிதழில் அச்சேறியது. 1998இல் வெளிவந்த ‘சேவிங் பிரைவேட் ரையன்’ திரைப்படத்தால் அது உலகறியப் பரவிற்று. எனினும் மடல் சுட்டும் எண்ணிக்கை படைத்துறைப் பதிவேடுகளோடு பொருந்தவில்லை.

லிடியாவின் ஐந்து புதல்வரும் ஒன்றியப் படையில் பணியாற்றினர் என்பது உண்மை. அவர்களுள் சார்லஸ் 1863 மே 3இல் பிரெடரிக்ஸ்பர்க் அருகே களத்தில் மாண்டார். ஆலிவர் 1864 சூலை 30இல் பீட்டர்ஸ்பர்க்கில் வீழ்ந்தார். அதே நாளில், அதே களத்தில் ஜார்ஜ் சிறைப்பட்டார். அவர் சிறையில் இறந்தார் என ஒரு குறிப்பும், எதிரணியில் சேர்ந்தார் என மற்றொரு குறிப்பும் முரண்படுகின்றன. கெட்டிஸ்பர்க்கில் சிறைப்பட்ட ஹென்றி கைதிகள் பரிமாற்றத்தில் மீண்டு, முறையாக விடுவிக்கப்பெற்றார். ஆர்தர் எட்வர்டு படையை விட்டு ஓடிவிட்டார். ஆக, களச்சாவு என ஐயமின்றி உறுதிப்படுவன இரண்டே.

இவ்வேறுபாட்டைக் கொண்டு லிடியாவைப் பொய்யுரைத்தவர் எனச் சிலர் பழித்துள்ளனர். மாநிலப் படைத்துறை அலுவலர் வில்லியம் ஷௌலர், அத்தாய் தம்மிடம் ஐந்து கடிதங்களைக் காட்டியதாக 1864 செப்டம்பரில் ஆளுநர் ஜான் ஆண்ட்ருவுக்கு எழுதினார். அதன் விளைவே குடியரசுத் தலைவரின் மடல். தாயின் கூற்றில் பிழை இருந்திருக்கலாம். ஆயின் அப்பிழை அலுவலகம் பல கடந்தும் திருத்தம் பெறாமல் போனது ஏன் என்பதே கேட்கத்தக்க வினா. நெடும்போரால் சலித்திருந்த நாட்டிற்கு, ஐவரையும் ஈந்த தாய் ஒருத்தி தேவைப்பட்டாள் எனக் கருத இடமுண்டு. இரு மைந்தரின் சாவு அதற்குப் போதவில்லை போலும்!

மூதின்முல்லைப் பாடல்களில் தோய்ந்தோர்க்கு இத்தாய் நன்கறிந்தவள் போலத் தோன்றுவாள். அவ்வொப்புமை ஏமாற்றக்கூடியது. 1862 அக்டோபரில், ஆர்தர் உரிய அகவை எய்தாமலே தம் இசைவின்றிப் படையில் சேர்ந்தார் என உறுதியாவணம் அளித்து, அவரை விடுவிக்க முயன்றவர் லிடியா. களத்திற்கு அனுப்பிய தாயாகப் போற்றப்பெற்றவர், மகனைத் திரும்பப் பெற முயன்ற தாயாகவும் இருந்தார். புகழ்பெற்ற மடலில் இதற்கு இடமில்லை.

மடலின் ஆசிரியர் யார் என்பதும் முடிந்த முடிபன்று. லிங்கனின் செயலாளராய் அப்போது 26 அகவையினராயிருந்த ஜான் ஹே என்பவரே எழுதினார் என மைக்கேல் பர்லிங்கேம் வாதிட்டார். கணினிவழி நடையாய்வு மேற்கொண்ட மொழியியலாளர் 2017இல் வெளியிட்ட முடிவும் ஹேயையே சுட்டியது. லிங்கன் நடைக்கே தனிச்சான்றாக இம்மடலைப் பயிற்றுவித்த ஆசிரியர் பலர் இதனை எளிதில் ஏற்றாரல்லர்.

மூலப்படி மறைந்துவிட்டது. லிங்கனின் கையெழுத்தெனப் பிற்காலத்தில் அச்சிட்டு விற்கப்பெற்றவை மூலத்தின் படிகள் அல்ல. லிடியாவே அதனை அழித்துவிட்டார் என்பது அவர்தம் வழியினர் கூறிய செவிவழிச் செய்தி. அவர் 1878இல் பாஸ்டனில் காலமானார்.