பக்ஸ்டன் பிரவுன் பண்ணையும் 47 நாள்களும்

ஆங்கில அறுவை மருத்துவர் ராய் கால்ன் 1960இல் லான்செட் இதழில் வெளியிட்ட சிறு கட்டுரையை உறுப்புமாற்று வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஒரே விதமாகப் படித்துவந்திருக்கிறார்கள். பாஸ்டனில் ராபர்ட் ஷ்வார்ட்சும் வில்லியம் டாமஷெக்கும் 1959இல் 6-மெர்காப்டோப்யூரின் மருந்தைக் கொண்டு முயல்களின் எதிர்ப்பாற்றலை அடக்கிக் காட்டினார்கள். கால்ன் அம்மருந்தை நாயின் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். சிந்தனை பாஸ்டனுடையது, கைவேலை மட்டும் ஆங்கிலேயருடையது என்று இவ்வாசிப்பு பங்கு பிரிக்கிறது. வேலை நடந்த இடம் கென்ட் மாவட்டத்து டௌன் கிராமத்தில் அரச அறுவை மருத்துவர் கல்லூரி நடத்திய பக்ஸ்டன் பிரவுன் ஆய்வுப் பண்ணை. அதற்கு இந்த வரலாற்றில் கிடைப்பது ஓர் அடிக்குறிப்பு. அக்கட்டுரையின் சான்று எத்தகையது என்பதையே இவ்வாசிப்பு கவனிக்கத் தவறிவிட்டது என்பது என் துணிபு.

முயல் ஆய்வு அளந்தது, ஊசிவழி செலுத்திய அயற்புரதத்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குகிறதா என்பதை. கால்ன் எடுத்துக்கொண்டது இரத்தக்குழாய்களை இணைத்துப் பொருத்திய முழு உறுப்பை. நாயின் உயிர் அந்த உறுப்பையே நம்பியிருந்தது. மருந்தில்லாமல் விட்டால் அத்தகைய சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அழிந்துவிடும். கால்னின் நாய்களில் ஒன்று 47 நாள் வாழ்ந்தது. ஒரே ஒரு நாய்தானே, அது தற்செயலாக இருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணிக்கை சிறிதென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 47 என்பது அறுவை மேசையில் கிடைத்த எண் அன்று. எலும்பு மச்சையை நசிக்கும் மருந்தை நாள்தோறும் கூட்டிக் குறைத்து, கிருமித்தொற்றைக் கண்காணித்து, பிறகு உறுப்பை வெட்டியெடுத்து நுண்நோக்கியில் பார்த்துச் சேர்த்த எண் அது. மருந்தைப் பற்றிய சிந்தனை பாஸ்டனிலிருந்து வந்தது. நாள்களைக் கொடுத்தது டௌன். இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கால்ன் முதலில் முயன்றது கதிர்வீச்சை; அது பலிக்கவில்லை. தோற்ற முயற்சியை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்க வார்டு வேலையில் கட்டுண்ட பயிற்சி நிலை மருத்துவருக்கு எளிதில் இடம் கிடைக்காது. அந்த இடத்தைத்தான் பண்ணை கொடுத்தது.

பிரிட்டனின் 1876ஆம் ஆண்டு விலங்குவதைச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கைத்திறன் பழகுவதற்காக விலங்கின்மீது அறுவை செய்வதை அச்சட்டம் தடுத்தது; உரிமம் பெற்ற ஆய்வுக்கு மட்டுமே வழிவிட்டது. ஆகவே அமெரிக்க மாணவன் நாயில் பழகிக்கொண்ட குழாய்த் தையலை ஆங்கிலேய இளைஞன் அவ்வாறு பழக முடியாது. அவன் நாயின்மீது கத்தி வைக்க வேண்டுமானால் கையில் ஆய்வுக் கேள்வி ஒன்று இருந்தாக வேண்டும். பண்ணையை வெறும் பயிற்சிக்கூடமாக எண்ணுவோர் இந்தச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

பண்ணையைத் தந்த கொடையாளரின் நோக்கம் பற்றியும் பழைய கருத்து ஒன்று நிலவுகிறது. சர் ஜார்ஜ் பக்ஸ்டன் பிரவுன் (1850-1945) சார்ல்ஸ் டார்வின் வாழ்ந்த டௌன் இல்லத்தை 1927இல் மீட்டு பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்திடம் ஒப்படைத்தவர். பக்கத்து நிலத்தில் 1931இல் அறுவை மருத்துவர் கல்லூரிக்கு அவர் ஏற்படுத்தித் தந்த பண்ணை அந்த நினைவுப்பணியின் பின்னொட்டே என்பார்கள். இடத்தின் நெருக்கத்தை நோக்கத்தின் நெருக்கமாக எடுத்துக்கொண்டதால் வந்த முடிவு இது. பிரவுன் சிறுநீரக, சிறுநீர்ப்பை அறுவையில் பெயர்பெற்றவர். சர் ஹென்றி தாம்சனின் உதவியாளராகத் தொடங்கியவர். எந்தப் பெரிய மருத்துவமனையிலும் பதவி வகிக்காதவர். பதவியில்லாத அறுவை மருத்துவனுக்கு ஆய்வுக்கூடம் எட்டாக்கனி என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்திருப்பார் என்று கருதுவது மிகையாகாது. முன்மாதிரியும் டார்வின் அல்லர், பதினெட்டாம் நூற்றாண்டின் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் என்றே நான் நினைக்கிறேன். ஹன்டர் லண்டன் நகரின் சந்தடிக்கு அப்பால் ஏர்ல்ஸ் கோர்ட்டில் விலங்குகளை வளர்த்து ஆராய்ந்தார். அவருடைய அரும்பொருள் தொகுப்பைக் காத்துவந்ததும் இதே கல்லூரிதான். நாட்டுப்புற வீடு, விலங்குகள், அறுவை மருத்துவன் என்ற மூன்றும் டௌனில் மறுபடி கூடியதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வர்ஜீனியாவின் ரிச்மண்டில் சுகோஸ்கி, லீ, ஹியூம் ஆகியோர் இத்தகைய பண்ணை ஏதுமின்றி அதே ஆண்டில் அதே முடிவை எட்டினார்களே என்பர். மேற்சொன்ன சட்டம் வர்ஜீனியாவில் இல்லை. அந்த ஒப்பீடு இங்கு உதவாது. கனமான மறுப்பு வேறொன்று. 1933 முதல் பண்ணையின் தலைவராக இருந்த சர் ஆர்தர் கீத் உடற்கூற்றறிஞர், மானிடவியலர். 1955இல் இறக்கும்வரை அங்கே வாழ்ந்து மனிதப் பரிணாமம் பற்றி எழுதினார். அந்த ஆண்டுகளை அறுவை ஆய்வின் பொற்காலம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஆயினும் கூடங்களும் கூண்டுகளும் உரிமமும் தயாராகக் காத்திருந்ததால்தான் ஓர் இளைஞன் கேள்வியோடு வந்தபோது வேலையை உடனே தொடங்க முடிந்தது. அறக்கொடையின் பலனை ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில் தேடுவோருக்கு இது பிடிபடாது.

கால்ன் 1960இல் காமன்வெல்த் நிதியத்தின் ஹார்க்னெஸ் நல்கையில் பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனைக்கு, அறுவை மருத்துவர் ஜோசப் மர்ரியிடம் சென்றார். 6-மெர்காப்டோப்யூரினைப் படைத்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் அவருக்குப் புதிய சேர்மம் ஒன்றைக் கொடுத்தார்கள். பின்னர் அசாதியோப்ரின் என்று பெயர்பெற்றது அது. அதைக் கொண்டு மர்ரி 1962இல் இறந்தவரின் சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றிகண்டார். இந்த வரிசையில் சிந்தனை பாஸ்டனிலிருந்து டௌனுக்கு வந்ததாக மட்டும் எழுதினால் பாதி வழியே பதிவாகும். நாயில் மாற்றுச் சிறுநீரகத்தை மருந்தால் காக்கும் முறையை டௌனிலிருந்து பாஸ்டனுக்குக் கொண்டுபோனவர் கால்ன்.